உடைந்த இம்போர்ட்டைக் கண்டுபிடிக்கும் செருகுநிரல்

ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பல கோப்புகளாகப் பிரிந்திருக்கும்போது, ஒரு கோப்பு தனக்கு வேண்டியதை இன்னொன்றிடம் ‘இம்போர்ட்’ கூற்றின் மூலம் கேட்டு வாங்குகிறது. கொடுக்கும் கோப்பு அதே பெயரை ‘எக்ஸ்போர்ட்’ செய்திருக்க வேண்டும். 2015 இல் மொழியின் தரத்தில் சேர்ந்த ஏற்பாடு இது. கேட்ட கோப்போ பெயரோ இல்லாவிட்டால், அதை நம்பியிருக்கும் நிரலின் ஒரு வரியைக்கூட உலாவி இயக்காது. பக்கம் வெறுமையாகவே நிற்கக்கூடும்.

மட்டக்களப்பு வாவியின் வரைபடத்தைக் காட்டும் தளம் ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். ஜாவாஸ்கிரிப்ட்டில் தமிழிலேயே பெயர் வைக்க முடியும். பாலங்களுக்கான கோப்பு ‘கல்லடி’, ‘கோட்டைமுனை’ என்ற இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்கிறது. வரைபடக் கோப்போ ‘கல்லடிப்பாலம்’ என்று கேட்கிறது. நிக்கலஸ் சக்காஸ் 2013 இல் தொடங்கிய ஈஎஸ்லின்ட் என்னும் பிழைச் சோதனைக் கருவி இதைக் கவனிக்காது. அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே படிப்பது; அடுத்த கோப்பில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அந்தக் குறையை நீக்குவதுதான் ‘ஈஎஸ்லின்ட்-பிளகின்-இம்போர்ட்’ என்ற செருகுநிரல். இம்போர்ட்டில் உள்ள பாதையைப் பின்தொடர்ந்து, வட்டில் அப்படியொரு கோப்பு உண்டா என்று முதலில் பார்க்கிறது. இதற்கான விதி ‘நோ-அன்ரிசால்வ்ட்’. பிறகு ‘நேம்ட்’ என்ற விதி அந்தக் கோப்பையே திறந்து படித்து, எக்ஸ்போர்ட் ஆன பெயர்களோடு கேட்ட பெயரை ஒப்பிடுகிறது. ‘கல்லடிப்பாலம்’ அகப்படுவது இங்கேதான். நிரலை இயக்காமலே, எழுதும்போதே எடிட்டரில் சிவப்புக் கோடு விழுந்துவிடும்.

கோப்புப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தால் பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் குழப்பமும் வரும். விண்டோஸும் மேக்கும் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும், லினக்ஸ் கொள்ளாது. பெரும்பாலான வழங்கிகளில் ஓடுவது லினக்ஸ். ஆகவே சொந்தக் கணினியில் நன்றாக ஓடிய தளம் வழங்கியில் ஏற்றியதும் நின்றுபோகும். எவ்வளவு தேடினாலும் கண்ணுக்குப் புலப்படாத பிழை இது. ‘நோ-அன்ரிசால்வ்ட்’ எழுத்தின் அளவையும் சேர்த்தே சரிபார்ப்பதால், இதற்காக மட்டுமே இந்தச் செருகுநிரலை நிறுவினாலும் தகும்.

பாதைகளுக்குச் சுருக்கப் பெயர் வைத்திருந்தால், அவற்றை உண்மையான பாதைகளாக மாற்றித் தரும் ‘ரிசால்வர்’ ஒன்றையும் அமைப்புக் கோப்பில் குறிப்பிட வேண்டும். இல்லையேல் செருகுநிரல் சரியான வரிகளையும் பிழை என்று சொல்லும். நிரல் ஓடும்போது கணக்கிடப்படும் பாதைகளைச் செருகுநிரலால் சோதிக்க முடியாது. ஜாவாஸ்கிரிப்ட்டோடு தரவு வகைகளைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட் மொழியைப் பயன்படுத்துவோர் ‘நேம்ட்’ விதியை அணைத்துவிடலாம். அந்தச் சோதனையை டைப்ஸ்கிரிப்ட் தானே செய்கிறது. கோப்புகள் ஒன்றையொன்று சுற்றிச்சுற்றி அழைப்பதைக் காட்டும் ‘நோ-சைக்கிள்’ விதி பயனுள்ளது என்றாலும், பெரிய திட்டங்களில் அது மிக மெதுவாக ஓடும்.