பரணுக்குப் போக இருந்த லேப்டாப்!

"செத்துப் போச்சுடி! கடைக்காரர் கையை விரிச்சுட்டார்" என்று கும்பகோணத்திலிருந்து அக்கா போனில் அழுதபோது, யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. விசாரித்தால், செத்தது லேப்டாப்!

சிரித்துவிடாதீர்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-ல் தொடங்கியதல்லவா? அந்த வகையில் 2012-ல் அக்கா மகளுக்குக் கிடைத்தது இது. மகள் கல்யாணமாகித் திருப்பூர் போன பிறகு, அக்காவின் தையல் கணக்கெல்லாம் அதில்தான் ஏறியது. யாருக்கு என்ன அளவு, யார் எவ்வளவு பாக்கி என்று ஒன்று விடாமல். அதைவிடப் பெரிசு ஒன்று உண்டு. போன வருஷம் காலமான அத்தானின் படங்களும், பேத்திக்குக் கதை சொல்லி அவர் பதிவு பண்ணி வைத்த குரலும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது.

"பார்மேட் பண்ணினா சரியாயிடுமாம். ஆனா உள்ளே இருக்கறது அத்தனையும் போயிடுமாம். பண்ணிடச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க்கா! அப்படியே வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துடு" என்றேன்.

பார்மேட் என்பது வீட்டையே காலி செய்து வெள்ளையடிப்பது மாதிரி. கரப்பான்பூச்சி ஒழியும், வாஸ்தவம்தான். பீரோவும் புடவையும் கூடவே போகுமே! கடைக்காரருக்கு அது அரை மணி வேலை, அதனால் முதலில் அதைச் சொல்கிறார். நமக்கு அது கடைசி மருந்தாக இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாலிடெக்னிக்கில் படிக்கும் என் பையனை இழுத்துக்கொண்டு ரயிலேறினேன். போனவுடன் அவன் கேட்டது, "பெரியம்மா, முதல்ல என்ன ஆச்சு? மறைக்காம சொல்லுங்க."

டாக்டரிடம் சொல்வதுபோல் அக்கா ஒப்பித்தாள். மகளிர் குழுக் கடன் மனுவை பிரிண்ட் எடுக்க பென் டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து வீட்டில் செருகினால், உள்ளே இருந்த போல்டர்களெல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறியோடு "ஷார்ட்கட்" ஆகியிருந்தன. ஒன்றைத் திறந்தாள். ஆயிற்று, வைரஸ் உள்ளே வந்துவிட்டது! மறுநாள் சிவப்புக் கட்டம் ஒன்று குதித்து, "உங்கள் கணினிக்கு ஆபத்து, இங்கே அழுத்தினால் சுத்தம் செய்கிறோம்" என்றது. அழுத்தினாள். திருடனே போலீஸ் வேஷத்தில் வந்த கதைதான். அதற்கப்புறம் அது எழுந்திருக்கவேயில்லை.

'எழுந்திருக்கவில்லை' என்பதிலும் தினுசு இருக்கிறது. விளக்கே எரியவில்லையா? அது வைரஸ் வேலையில்லை, சார்ஜரையோ பேட்டரியையோ பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் மாட்டிப் பாருங்கள். பல சமயம் இதிலேயே உயிர் வரும். (பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தால் மட்டும் மறுபடி மாட்டவே வேண்டாம். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.) கம்பெனிப் பெயர் திரையில் வந்து, அதற்கப்புறம் நின்றுபோனால்தான் வைரஸையோ ஹார்ட் டிஸ்க்கையோ சந்தேகப்பட வேண்டும்.

அக்காவுடையதோ, கடையிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வந்த பிறகு புதிதாக ஒரு வியாதியையும் சேர்த்துக்கொண்டிருந்தது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் அமாவாசை! பையன் பேட்டரியைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, ரேம் என்கிற பட்டையை எடுத்து, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, திரும்பப் பொருத்தினான். பொத்தானை அழுத்தியதும் கம்பெனிப் பெயர் பளிச்! அதன்கீழே ஒரு வரி. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டினாள்:

"பூட்... எம்.ஜி.ஆர்... இஸ் மிஸ்ஸிங்! என்னடா இது, எம்.ஜி.ஆரையே காணோம்கிறது!"

அழுத கண்ணோடு மூன்று பேரும் சிரித்தோம். 'பூட் மேனேஜர்' என்பதன் சுருக்கம் அது. விண்டோஸை எழுப்பிவிடுகிற சின்ன நிரல். அது அழிந்தால் வீடு அப்படியே இருக்கும், சாவி மட்டும் தொலைந்திருக்கும். (இந்த வரி வந்தால் முதலில் பென் டிரைவ் ஏதாவது செருகியே இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் அதிலிருந்து எழ முயன்று, இப்படிச் சொல்லும்.)

"வைரஸ் மெஷினையே எரிச்சுடுமாடா?" என்றாள் அக்கா. அநேகமாக இல்லை. 1986-ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' என்கிற வைரஸும் பிளாப்பி தட்டின் தொடக்கப் பகுதியில்தான் உட்கார்ந்தது. அதற்குள் தங்கள் விலாசத்தையும் போன் நம்பரையும் வேறு எழுதி வைத்திருந்தார்கள், போங்கள்! விதிவிலக்கு, 1998-ல் தைவானில் ஒரு மாணவர் எழுதிய 'சி.ஐ.எச்.' அது சில கணினிகளின் பயாஸ் சில்லையே அழித்து, எழவொட்டாமல் செய்தது. பொதுவாகக் கெடுவது மென்பொருள்தான், உடம்பில்லை.

சரி, சாவியில்லாத வீட்டுக்குள் எப்படிப் போவது? வேறு வாசல் வழியாக! அதுதான் லினக்ஸ். அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு 'பாஸ்' என்கிற நம் நாட்டு லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இடம் போதவில்லை என்று அக்கா மகள் என்றைக்கோ அதை அழித்திருந்தாள். பரவாயில்லை. பையன் ஊரிலேயே, நல்ல கணினி ஒன்றில், 8 ஜிபி பென் டிரைவில் 'லினக்ஸ் மின்ட்' ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். அதற்குக் காசு கிடையாது. பென் டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தியதும் எஃப்12 விசையைத் தட்டினான். எதிலிருந்து எழட்டும் என்று கேட்கும் பட்டியல் வந்தது. (சில கம்பெனிகளில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப்.) பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தான். "இன்ஸ்டால் என்று ஒரு படம் இருக்கும் பெரியம்மா, அதை மட்டும் இப்பத் தொடக்கூடாது" என்றான். விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்க, அதன் வைரஸும் தூங்கிக்கொண்டிருக்க, பென் டிரைவிலிருந்தே கணினி ஓடியது.

ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தான். வைரஸ் ஒளித்து வைத்திருந்த போல்டர்களை லினக்ஸ் ஒளிக்காமல் காட்டியது. 'ரவிக்கை அளவு', 'பாக்கி', 'தீபாவளி 2019'... அப்புறம் 'அப்பா'. மகள் வைத்த பெயர். பையன் ஒன்றைத் தட்டினான். "ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம்" என்று அத்தான் குரல் வந்தது. அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

படம், பாட்டு, கணக்கு எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்க மூன்று மணி நேரமாயிற்று. 'இஎக்ஸ்இ' என்று முடிகிற எதையும் எடுக்கவில்லை, பூச்சி அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். நகலெடுக்கும்போது டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தகவல் மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் போக வேண்டும். நல்லவேளை, வரவில்லை. கோப்பின் பெயர்களெல்லாம் கன்னாபின்னாவென்று மாறி, "பணம் கட்டு" என்று சீட்டு இருந்தால் அது வேறு ஜாதி வைரஸ். அதற்குப் பணம் கட்டாதீர்கள். சிலவற்றுக்கான சாவியை, 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' என்கிற அமைப்பு இலவசமாகவே கொடுக்கிறது.

இதற்கப்புறம்தான் ரிப்பேர். விண்டோஸ் 7 தட்டு இருந்தால், 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' மூலம் பூட் எம்.ஜி.ஆரைத் திரும்ப வரவழைக்கலாம். ஆனால் அந்த விண்டோஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. தாழ்ப்பாள் இல்லாத கதவை மறுபடி எதற்கு மாட்டுவது? அக்கா சம்மதத்தோடு இப்போது பார்மேட் செய்து, லினக்ஸையே நிரந்தரமாகப் போட்டான். கணக்கெழுத 'லிப்ரே ஆபீஸ்' அதிலேயே இருக்கிறது. மெதுவாகத்தான் ஓடுகிறது. பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டால் வேகம் பிடிக்குமாம். தீபாவளித் தையல் காசு வரட்டும் என்கிறாள்.

பாங்க் பாஸ்வேர்டை என் போனிலிருந்து அன்றைக்கே மாற்றினோம். பணம் ஏதும் போகவில்லை. போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்திருக்க வேண்டும்.

கடைக்கே கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று வந்தால், குடும்பப் படங்களுள்ள டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் கொடுக்கலாம். பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைக் கூச்சப்படாமல் கேட்கலாம். புது டிஸ்க் போட்டால், பழையதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் காசு கொடுக்க வேண்டும்.

அத்தானின் குரல் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. வெளி டிஸ்க்கில், திருப்பூரில் மகளிடம், என் வீட்டில். போன வாரம் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, ஜெராக்ஸ் கடைக்குன்னே தனியா ஒரு பென் டிரைவ் வாங்கிட்டேன். சிவப்புக் கலர். அதுல கடன் மனுவைத் தவிர ஒண்ணும் கிடையாது."

"கடன் கிடைச்சுதா?"

"அதை ஏன் கேக்கறே, இன்னும் ரெண்டு காகிதம் பிரிண்ட் எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க!"