முன்றில்: அயலூரில் நம் வீட்டு வாசல்

பள்ளிக்கூடத்தில் 'இலக்கணப் போலி' படித்தது பலருக்கு நினைவிருக்கும். 'இல்முன்' என்று இருக்க வேண்டிய சொல் முன்பின்னாக மாறி 'முன்றில்' ஆயிற்று. 'இல்வாய்' அதேபோல 'வாயில்' ஆயிற்று. பேச்சில் அது வாசல். வீட்டுக்கு வாய் உண்டு என்று கண்டவர்கள் நம் முன்னோர். உள்ளே இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை வீதியில் போகிறவருக்கு முதலில் சொல்வது அந்த வாய்தான்.

வாசலை அழகு செய்வது நமக்குப் புதிதல்ல. திருமண வீட்டில் பந்தலிட்டு, மணலைக் கொண்டுவந்து பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டதை அகநானூற்றின் 86ஆம் பாடல் சொல்கிறது. பிற்காலத்தில் திண்ணையும் தாழ்வாரமும் வந்தன. முதலாழ்வார்கள் மூவரும் மழை இரவில் சந்தித்தது திருக்கோவலூரில் ஒரு வீட்டின் இடைகழியில் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று சொல்லும் அளவுக்கு அது சிறிய இடம். பிள்ளைகள் எழுத்துப் படித்ததும் திண்ணைப் பள்ளிக்கூடங்களில்தான்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் திண்ணை எல்லோரையும் ஏற்றதில்லை. சாதியின் பெயரால் தெருவோடு நிறுத்தப்பட்டவர்கள், அந்தத் தெருவுக்குள்ளேயே வரமுடியாதவர்கள் உண்டு. ஆகவே திண்ணையை நினைத்து ஏங்குவதோடு நிறுத்தாமல், அதில் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு தில்லி, நொய்டா, பரீதாபாத் பக்கத்தில் வசிக்கும் நாம் நம் வீட்டு முகப்பை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தனி வீடு உள்ளவர்களுக்கும், தரைத்தள வீட்டில் இருப்பவர்களுக்கும், அடுக்குமாடியில் கதவுக்கு வெளியே நான்கடி இடம் மட்டுமே உள்ளவர்களுக்கும் இதில் ஏதாவது பயன்படும்.

முதலில் தண்ணீர், பிறகு வண்ணம்

"வெளியே பெயிண்ட் அடிச்சுட்டா வீடு பளிச்சுனு ஆயிடும்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் சுவரில் ஓதம் இருந்தால் எத்தனை விலை உயர்ந்த வண்ணமும் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது. இங்கே 'சீலன்' என்று எல்லோரும் அலுத்துக்கொள்வது இதைத்தான். நீர் மூன்று வழியாகச் சுவருக்குள் வருகிறது: மொட்டைமாடி வெடிப்பு வழியாக மேலிருந்து, கசியும் குழாய் வழியாக உள்ளிருந்து, மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சிக் கீழிருந்து. அந்த ஈரம் காயும்போது அதிலுள்ள உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கிறது. பூச்சு பொரிந்து உதிர்கிறது. எனவே கறை எந்த உயரத்தில் இருக்கிறது, எப்போது பெரிதாகிறது என்று பார்த்துவிட்டு அந்த வழியை முதலில் அடைக்க வேண்டும். வண்ணக்காரரை அழைப்பது அதற்குப் பிறகுதான்.

வாசல் தளம் சுவரிலிருந்து வெளிப்புறமாக மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிந்திருந்தால் மழைநீர் அடித்தளத்தில் தேங்காது. முழு இடத்தையும் சிமெண்டால் மூடிவிடாமல், ஓரமாக ஒரு முழம் மண்ணை விட்டு வையுங்கள். செடிக்கும் இடம், மழைநீர் உள்ளே இறங்கவும் வழி. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நமக்குத் தெரியும். பெங்களூரிலும் 2009இல் சட்டம் வந்தது. சட்டத்துக்காக ஒரு குழாயைக் கட்டித் தொங்கவிடுவதைவிட, வாசலில் கொஞ்சம் மண்ணைத் திறந்து வைப்பது நல்ல தொடக்கம்.

சுண்ணாம்பின் அருமை

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட பழைய வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சொல். சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சு விடும். உள்ளே புகுந்த ஈரம் அதன் வழியே வெளியேறும். அது காற்றிலுள்ள கரிவளியை வாங்கி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. காரத்தன்மை இருப்பதால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. அதே சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷனைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுத் தோல் உரிவதுபோல் உரியும்.

நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் வஜ்ஜிரமும் வெண்மைக்குச் சிறிது நீலமும் கலந்து, சுவரை நனைத்துக்கொண்டு மெல்லியதாக இரண்டு மூன்று கோட் அடிக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகளை அருகில் விடக்கூடாது. முன்பே எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதையும் நினைவில் வைக்கவும். அங்கே வெளிர் நிற வெளிச்சுவர் வண்ணமே நல்லது. தில்லிக் கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது, கரும்பழுப்பு மேற்குச் சுவர் மாலை முழுவதும் அடுப்பாகக் கொதிக்கும். வெளிர் நிறச் சுவர் அவ்வளவு சுடாது.

எப்போது அடிப்பது? ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிப்போம். வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் காயும் காலம் அது. ஆனால் இங்கே தை பிறக்கும்போது பனிமூட்டம்; எதுவும் காயாது. இங்குள்ளவர்கள் தீபாவளிக்கு முன்பே 'புதாயி' செய்வதன் காரணம் இதுதான். செப்டம்பர் இறுதியில் மழை விலகி, அக்டோபரில் காற்று உலர்ந்து, குளிர் வருவதற்குள் வேலை முடிகிறது. இரண்டு ஊர்களின் வழக்கமும் ஒரே அறிவிலிருந்து வந்தவை, நாள்தான் வேறு. நாமும் இந்த ஊர் நாளைப் பின்பற்றுவதே சரி.

படியும் விளக்கும் பெயர்ப் பலகையும்

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா நாள் முழுவதும் நான்கு சுவருக்குள் இருப்பதைப் பார்க்கிறோம். மொழி தெரியாத ஊரில் அவர்களுக்கு வாசல்தான் உலகம். இடமிருந்தால் சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சிறு திண்ணை கட்டுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் எளிதாக உட்கார்ந்து எழ அந்த உயரம் வசதி. இடமில்லாவிட்டால் ஒரு பெஞ்சு போதும். படிகள் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம். எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்கட்டும். ஒரு பக்கமாவது கைப்பிடி வேண்டும். வெளியே கோட்டா கல் போடுவதானால் மெருகேற்றாத சொரசொரப்பான கல்லைக் கேட்டு வாங்குங்கள். வழவழப்பான கல் நனைந்தால் வழுக்கும்.

வீட்டு எண் இரவிலும் தெருவிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வந்து எண்ணைத் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது. வாசல் விளக்கு கண்ணைக் கூசாமல் கீழ்நோக்கிப் படிகளில் விழட்டும். பெயர்ப் பலகையில் இந்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் பெயர் இருக்கலாமே? வீட்டுக் குழந்தை முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் தமிழ் அதுவாகவே இருக்கலாம்.

இந்த ஊர் மண்ணில் நம் செடிகள்

ஊரில் வளர்ந்ததெல்லாம் இங்கே வளராது. தென்னை தில்லிக் குளிரைத் தாங்கிக் காய்ப்பதில்லை. ஆசைக்கு வைத்து ஏமாற வேண்டாம். துளசி டிசம்பர், ஜனவரியில் வாடி நிற்கும். அபசகுனம் என்று கலங்க வேண்டாம், குளிர்தான் காரணம். மாலையில் மெல்லிய துணியால் மூடிக் காலையில் எடுத்துவிட வேண்டும். தண்ணீரைக் குறைக்க வேண்டும். கதிரைச் சேமித்து வைத்தால் கோடை தொடங்கும்போது புதிதாக விதைக்கலாம். கறிவேப்பிலையும் குளிரில் இலை உதிர்த்து, வெயில் வந்ததும் தளிர்க்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள்.

நன்றாக வருபவையும் பல. மல்லிகை இங்கே 'மோக்ரா' என்ற பெயரில் கிடைக்கும்; குளிர்காலக் கடைசியில் வெட்டிவிட்டால் கோடையில் பூத்துக் குலுங்கும். நந்தியாவட்டை, செம்பருத்தி, மருதாணி எல்லாம் சளைக்காதவை. பவழமல்லி மழைக்காலம் முடியும் தறுவாயில் விடியற்காலை வாசலெல்லாம் பூவாக உதிர்க்கும். அரளி வறட்சியைத் தாங்கும், ஆனால் நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்ப்பது நல்லது. சாமந்தியை மழை ஓய்ந்ததும் தொட்டியில் வைத்தால் குளிர்காலம் முழுவதும் முகப்புக்கு நிறம் கிடைக்கும்.

மரம் வைக்க இடமுள்ளவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சென்னையில் ஆண்டு முழுவதும் நிழல் வேண்டும். தில்லியில் கோடைக்கு நிழலும் குளிருக்கு வெயிலும் வேண்டும். தெற்குப் பக்கம் அடர்ந்த பசுமைமாறா மரத்தை வைத்துவிட்டால் ஜனவரி வெயில் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காது. அந்தப் பக்கம் தாழ்வான செடிகளே போதும். நிழல் மரத்தை மேற்கே வைக்கலாம். கொன்றை மே மாதத்தில் பொன்னாகத் தொங்கும் அழகை இந்த ஊர்ச் சாலைகளில் கண்டிருப்பீர்கள். புது தில்லியின் நிழற்சாலைகளில் நிற்கும் வேம்பு, நாவல், மருதம், புளி எல்லாமே நமக்குப் பழைய உறவுக்காரர்கள்தான்.

வாசலில் ஏற்கெனவே மரம் நின்றால் அதன் காலைச் சுற்றிச் சிமெண்டு பூசாதீர்கள். ஒரு மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லிக்கு ஆணையிட்டது. 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது. அதேசமயம் சுவர் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றை விரலளவு இருக்கும்போதே எடுத்து வேறிடத்தில் நட வேண்டும். விட்டால் சுவர் போய்விடும். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் நீர் தேங்கினால் டெங்குக் கொசு வரும். வாரம் ஒருமுறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

மும்பை அன்பர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே மழையும் உப்புக் காற்றும்தான் எதிரி. இரும்புக் கம்பியைத் துரு தின்னும். சுவரில் பாசி படியும். ஜன்னல் விளிம்பில் தொட்டி வைப்பவர்கள் அதைக் கம்பியோடு கட்ட வேண்டும். மேலிருந்து விழும் ஒரு தொட்டி ஓர் உயிரையே எடுத்துவிடும்.

நான்கடி இடத்திலும் ஒரு முன்றில்

அடுக்குமாடியில் இருப்பவர்கள் "எங்களுக்கு ஏது வாசல்?" என்று கேட்கலாம். கதவுக்கு வெளியே உள்ள நடை பொது இடம். தீ விபத்தில் எல்லோரும் ஓடவேண்டிய வழி. செருப்பு அலமாரியும் பெரிய தொட்டியும் அங்கே கூடாது. ஆனால் ஒரு மாவிலைத் தோரணம், சுவரில் ஒரு சிறு விளக்கு, நாலு புள்ளி நாலு வரிசைக் கோலம் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. அரிசி மாவானால் எறும்புக்கும் தீனி. ஆனால் மூடிய நடையில் எறும்பு அடுத்த வீட்டுக்கும் போகும். அங்கே கல்மாவே சரி. துப்புரவுப் பணியாளரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. "இது என்ன டிசைன்?" என்று கேட்கும் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கோலப்பொடியைக் கொடுத்துப் பாருங்கள், தீபாவளிக்கு அவர்கள் ரங்கோலி போடும்போது நம் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. மே மாத வெயிலில் பொட்டலத்தோடு நம் கதவைத் தட்டும் இளைஞன் இருக்கிறான். இரவெல்லாம் நிற்கும் காவலாளி இருக்கிறார். ஊரிலிருந்து வேலை தேடி வந்த யாரோ ஒருவர் வருகிறார். அவர்களுக்கு ஒரு நிழல், உட்கார ஓர் இடம், ஒரு பானைத் தண்ணீர். பழைய திண்ணை சிலருக்கு மறுத்ததை நம் புதிய வாசல் கொடுக்க முடியும். அதற்கு அதிகச் செலவில்லை. பானையும் டம்ளரும் பெஞ்சும்தான் தேவை. சுண்ணாம்பு அடிப்பதற்கு அக்டோபர் வரை பொறுத்திருக்கலாம். பானையை நாளைக் காலையே வைத்துவிடலாம்.