ஒன்றை மட்டும் மாற்று

சாம்பார் சிந்திய சட்டையில் சோப்பு தேய்த்ததும் கறை சிவந்துபோவதைப் பார்க்காத வீடு இல்லை. அலசிவிட்டால் மறுபடி மஞ்சள். வெயிலில் காயப்போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தும் போகும். துவைக்கிற கல்லிலேயே இத்தனை வேதியியல் நடந்துகொண்டிருக்க, பிள்ளைக்கு அறிவியல் காட்டக் கடையில் விலை உயர்ந்த பெட்டியைத் தேடுகிறோமே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடுநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சனிக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறேன். சோதனையை முதலில் சொன்னபடி செய். அடுத்து ஒன்றை மட்டும் மாற்று. மாற்றுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிவிடு.

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசிக் காயவைக்க வேண்டும். துணி சோப்பைக் கரைத்த தண்ணீரில் விளக்குமாற்றுக் குச்சியைத் தொட்டு அந்தத் தாளில் பெயர் எழுதினால் எழுத்து செக்கச்செவேலென்று எழும்பும். மேலே எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் எழுத்து மறைந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இது மந்திரம். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்ததும் தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான்.

விளையாட்டு இதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். சோப்புக்குப் பதில் வேறு எதை வைக்கலாம்? "நுரைக்கிறதெல்லாம் சிவக்கும் டீச்சர்" என்று ஒருவன் அடித்துச் சொன்னான். நல்ல ஊகம். சீயக்காயைக் கரைத்துத் தொட்டான். நுரை பொங்கியது, தாள் மஞ்சளாகவே இருந்தது. அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண் விறகடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை எடுத்துத் தொட்டாள். துளிகூட நுரை இல்லை. தாள் சிவந்தது. நுரைக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

துணி சோப்பு, சாம்பல் நீர், சுண்ணாம்பு மூன்றும் காரத்தன்மை உள்ளவை. சீயக்காயும் எலுமிச்சையும் புளியும் மோரும் அமிலத்தன்மை உள்ளவை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் பழைய மஞ்சளுக்கே திரும்பும். இதைப் பாடமாகச் சொல்லவும் நான் அவசரப்படுவதில்லை. சிவந்தவை ஒரு வரிசை, சிவக்காதவை ஒரு வரிசை என்று பிள்ளைகளே பிரித்து வைத்த பிறகு அந்த இரண்டு பெயரையும் சொன்னால் போதும், மறக்கவே மாட்டார்கள். சுண்ணாம்பை மட்டும் பெரியவர்கள்தான் கையாள வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து.

ஊதுகிற பிள்ளைகளுக்குப் பூவரசு இலை. காம்பைக் கிள்ளிவிட்டு இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதினால் பீப்பீ தயார். நசுங்கிய முனையில் இரண்டு மடிப்புகள் காற்றில் படபடத்து ஒலி எழுப்புகின்றன. நாகஸ்வரத்தின் சீவாளியும் இப்படித்தான் வேலை செய்கிறது. சீவாளிக்குப் பேர்போன திருவாவடுதுறை எங்களுக்குப் பக்கம் என்பதால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இளநீர்க் கடை உறிஞ்சுகுழலின் நுனியைக் கூராக வெட்டி நசுக்கினாலும் பீப்பீதான். ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டு வந்தால், குழல் குட்டையாகக் குட்டையாகச் சுருதி ஏறிக்கொண்டே போகும்.

பொருள் எதுவும் பெரிதாக வேண்டியதில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போய், அங்கே சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்தே வடிவியல் சொல்லிக்கொடுக்க வழி கண்டார். முக்கோணம் கோணாமல் நிற்கும், சதுரம் சாய்ந்துபோகும் என்பது அந்தக் குச்சிகளைத் தொட்ட விரலுக்கே தெரிந்துவிடும்.

மெழுகுவத்திச் சோதனையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். 'ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது. காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு, அதனால் தண்ணீரும் அவ்வளவே ஏறுகிறது' என்று பல புத்தகங்களில் இருக்கிறது. இது தவறான விளக்கம். ஆக்சிஜன் முழுவதும் தீருவதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. தவிர, எரியும்போது கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன.

என் விதியை இங்கேயும் வைத்துப் பார்த்தோம். டம்ளர் அதேதான், ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்று. உள்ளே இருக்கும் காற்று அதே அளவு என்பதால் தண்ணீரும் அதே அளவுதான் ஏறும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். முன்பைவிட நன்றாகவே ஏறியது. சுடர் எரியும்போது தண்ணீர் சும்மா இருக்கிறது, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது என்பதையும் கவனித்தார்கள். மூன்று சுடர் என்றால் டம்ளருக்குள் சூடு அதிகம். சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

இதைக் கேட்டதும் ஆறாம் வகுப்புப் படிக்கிறவள் ஒருத்தி, "அப்ப மெழுகுவத்தி எதுக்கு டீச்சர்? சூடுதானே வேணும்?" என்றாள். டம்ளரில் சுடுதண்ணீரை ஊற்றிச் சற்று வைத்திருந்து கொட்டிவிட்டு, அப்படியே தட்டுத் தண்ணீரில் கவிழ்த்தோம். தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கியது. எவர்சில்வர் டம்ளரிலும் இதே அளவு ஏறுமா, ஏறினாலும் வெளியிலிருந்து பார்த்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அடுத்த சண்டை ஆரம்பித்துவிட்டது.