பச்சை, சாம்பல், மறுபடியும் பச்சை

இரண்டாம் உலகப்போர் காலத்து ஜெர்மன் சண்டை விமானங்களைச் சிறு மாதிரிகளாகச் செய்கிறவர்களிடம் வண்ணத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள், விடிந்துவிடும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி முடிக்க இரண்டு வார இறுதிகள் போதும். எந்தச் சாம்பல் என்று தீர்மானிக்க இரண்டு மாதம் ஆகும். பார்க்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனம். ஆனால் அந்தப் பூச்சுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் போர் எந்தத் திசையில் போனது என்று படித்துவிடலாம்.

ஆர்எல்எம் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஜெர்மன் விமான அமைச்சகம் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஓர் எண் கொடுத்திருந்தது. 1939-ல் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் முதுகில் 70, 71 என்று இரண்டு கரும்பச்சைகள், அடியில் 65 என்ற வெளிர்நீலம். தரையில் நிற்கும் விமானம் மேலே பறந்து வருகிற எதிரியின் கண்ணில் படக்கூடாது என்பதற்கான பூச்சு அது. அந்தக் குளிர்காலத்திலேயே யோசனை மாறுகிறது. தாக்கப் போகிறவன் வானத்தில் அல்லவா மறைய வேண்டும்? 70 போய் 02 என்ற பச்சைச் சாம்பல் வந்தது. அடிவயிற்று நீலம் விலாவில் ஏறி முதுகைத் தொட்டது. 1940 கோடையில், ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே, அந்த நீலம் பளிச்சென்று தெரிந்ததால் படைப்பிரிவுகள் தாங்களே அதன்மேல் திட்டுத் திட்டாகத் தீற்றிக்கொண்டன. தூரிகை, ஸ்பாஞ்ச், எது கைக்குக் கிடைத்ததோ அது. 1941-ல் 74, 75, 76 என்ற சாம்பல் குடும்பம் வந்து சேர்ந்தது.

இவ்வளவு பாடுபட்டு மறைத்துவிட்டு, மூக்கில் மட்டும் மஞ்சள் அடித்தார்கள்! கைகலப்பில் எதிரே வருவது நம்மவனா என்று நொடியில் தெரிய வேண்டுமே.

எண்களுக்கும் பட்டைகளுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. வட ஆப்பிரிக்காவில் பறந்த ஹான்ஸ் யோவாகிம் மார்செய்யின் 'மஞ்சள் 14' எங்கள் கூட்டத்தில் பிரசித்தம். எண் மஞ்சளாக இருந்தால் அந்தக் குழுவின் மூன்றாவது அணி. முதல் அணிக்கு வெள்ளை, இரண்டாவதற்குச் சிவப்பு அல்லது கறுப்பு. சிலுவைக்குப் பின்னால் கிடைக்கோடு இருந்தால் இரண்டாவது குழு. ஒன்றுமே இல்லையென்றால் முதல் குழு. உடம்பைச் சுற்றிய வெள்ளைப் பட்டை மத்தியதரைக் கடல் களத்துக்கானது. முதுகில் 79 என்ற மணல் மஞ்சள், அடியில் 78 என்ற நீலம். 'மஞ்சள் 14' ஒரே விமானம் அல்ல, அவர் மாற்றி மாற்றி ஓட்டிய பல விமானங்கள். 1942 செப்டம்பர் 30 அன்று எஞ்சின் புகையில் வெளியே குதித்தபோது வால் மோதி அவர் இறந்தார்.

வண்ணச் சண்டைக்கு மூல காரணம் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமேடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளையும் இருட்டாக்கிவிடும். மஞ்சள் மூக்கு கருஞ்சாம்பலாக விழும். பான்குரோமேடிக் ஃபிலிமில் அதே மூக்கு வெளிறிப்போய் இருக்கும். போதாததற்கு, ஆணை ஒன்று, தொழிற்சாலை செய்தது வேறு. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அளவுக் கணக்கும் முக்கியம். பத்து சென்டிமீட்டர் திட்டு ஒன்று 72-இல் ஒரு பங்கு மாதிரியில் 1.4 மில்லிமீட்டர்தான். ஏர்பிரஷ்ஷில் வண்ணத்தை நன்றாக நீர்க்க வைத்து, அழுத்தத்தைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தெளிக்க வேண்டும். கொஞ்சம் பெரிதானால் விமானத்துக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிடும்.

வாலில் உள்ள ஸ்வஸ்திகா தனி விவகாரம். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு அதைப் பொதுவில் காட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் பல பெட்டிகளில் அந்த டீகால் இருக்காது, அல்லது இரண்டு துண்டாக வெட்டித் தந்திருப்பார்கள், நாம் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம். நான் ஒட்டுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள்; சுளிக்க வேண்டியதுதான். அது இல்லாவிட்டால் யாருக்காகப் பறந்தது என்று தெரியாத அழகான இயந்திரமாகிவிடுகிறது அந்த விமானம். வால் சுக்கானில் வரிசையாக நிற்கும் சிறு கோடுகளைத்தான் நான் தயங்கித் தயங்கி ஒட்டுவேன். ஒவ்வொரு கோடும் வீழ்த்தியதாகச் சொல்லப்பட்ட ஒரு விமானம். உள்ளே ஆள் இருந்திருப்பான்.

1944-ல் பச்சை திரும்பி வந்தது. நேச நாட்டு விமானங்கள் ஓடுதளங்களுக்கே வந்து அடிக்கத் தொடங்கியதும், மறுபடியும் தரையில் ஒளிய வேண்டிய நிலை. 81, 82 என்ற புதிய எண்களை அறிவித்தபோது மாதிரி அட்டைகூட அனுப்ப முடியவில்லை. 81 பழுப்பா பச்சையா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறோம். பல விமானங்களுக்கு இறக்கையின் அடிப்பக்கம் முழுதாகப் பூசப்படவில்லை, வெறும் உலோகம்.

1945 வசந்தத்தில் மியூனிக் அருகே, ஜெட் விமானங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் காவல் காத்த சில ஃபோக்கவுல்ஃப் 190-களின் அடிவயிறு முழுக்கச் சிவப்பு, குறுக்கே வெள்ளைக் கோடுகள். எதிரிக்காக அல்ல. தலைக்கு மேல் பறப்பதெல்லாம் எதிரி என்று சுட்டுப் பழகிவிட்ட சொந்தப் பீரங்கிக்காரர்களுக்காக. அலமாரியில் நிறுத்தினால் அந்தச் சிவப்பு கண்ணில் படாது. அதனால் என்னுடையதற்கு அடியில் ஒரு கண்ணாடித் துண்டு வைத்திருக்கிறேன்.