ஆலைத் தொழிலாளிக்குக் காய்ச்சல்... பன்றிப் பண்ணைக்கு நஷ்டம்!

அமெரிக்க இறைச்சி ஆலைகள் பரிசோதனைக்கும் கட்டாயத் தடுப்பூசிக்கும் வந்து சேர்ந்த கதை

பன்றி வளர்ப்பில் நாள் கணக்கு தப்பக் கூடாது. சினைக்காலம் 114 நாள்கள். பிறந்த குட்டி ஏறக்குறைய ஆறு மாதத்தில் 125 கிலோவைத் தாண்டிவிடும். சொன்ன நாளில் லாரி வந்து ஏற்றிச் செல்ல வேண்டும். காலியான கொட்டகையைக் கழுவிக் காயவைத்து, அடுத்த தொகுதிக் குட்டிகளை விட வேண்டும். அமெரிக்காவின் அயோவா, மினசோட்டா, தெற்கு டகோட்டா மாநிலங்களில் ஆயிரக்கணக்கான பண்ணைகள் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. 2020 ஏப்ரலில் விற்பனைக்குத் தயாராக நின்ற பன்றிகள், 2019-ன் நடுவிலேயே தாய்ப்பன்றிகளின் வயிற்றில் உருவானவை. அப்போது கொரோனா என்ற பேச்சே இல்லை.

அந்த ஏப்ரலில் லாரி வரவில்லை. பண்ணையில் எந்த நோயும் இல்லை. தீவனத்துக்கும் பஞ்சமில்லை. கடைகளில் இறைச்சி கேட்டு மக்கள் நின்றார்கள். நடுவில் இருந்த ஆலைதான் நின்றுபோயிருந்தது.

தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் உள்ள ஸ்மித்ஃபீல்டு ஆலையில் சுமார் 3,700 பேர் வேலை பார்த்தார்கள். அமெரிக்கப் பன்றி இறைச்சியில் 4 முதல் 5 சதவிகிதம் அந்த ஓர் ஆலையிலிருந்து வந்தது. ஏப்ரல் 12-ம் தேதி, காலவரையின்றி மூடுவதாக அறிவித்தார்கள். பத்து நாள் கழித்து அயோவாவின் வாட்டர்லூவில் டைசன் நிறுவனத்தின் ஆலை நின்றது. அங்கு 2,800 தொழிலாளர்கள். நாளொன்றுக்கு 19,500 பன்றிகளை அறுக்கும் வசதி. மினசோட்டாவின் வொர்த்திங்டன் நகரில் ஜே.பி.எஸ் ஆலையும் மூடியது. ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும், நாட்டின் பன்றி அறுப்புத் திறனில் ஏறக்குறைய 40 சதவிகிதம் முடங்கிக் கிடந்தது.

கொட்டகையில் சூட்டை ஏற்றினார்கள்!

மாடாக இருந்தால் மேய்ச்சலில் விட்டு இன்னும் சில வாரங்கள் ஓட்டலாம். பன்றிக்கு அது நடக்காது. முடிவுக் கட்டத்தில் அது தினமும் ஒரு கிலோ அளவுக்கு எடை கூடும். எடை மிஞ்சினால் ஆலையின் கொக்கியும் கன்வேயரும் அதைத் தாங்காது. ஆலை திறந்தாலும் வாங்க மாட்டார்கள். இடமோ போதாது, பின்னால் குட்டிகள் வரிசையில் நிற்கின்றன.

அதனால் ஒரு விநோதம் நடந்தது. எடை ஏற்றுவதற்கென்றே வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டவர்கள், எடை ஏறாமல் இருக்க வழி தேடினார்கள். சோயாப் புண்ணாக்கைக் குறைத்தார்கள். நார்ச்சத்தைக் கூட்டினார்கள். கொட்டகையின் வெப்பத்தை ஏற்றினார்கள். வெக்கையில் பன்றி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது வெண்பன்றி வளர்க்கும் யாருக்கும் தெரிந்ததுதான். சிலர் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டு, ஒன்றும் இரண்டுமாக விற்றுப் பார்த்தார்கள். உள்ளூர் கசாப்புக் கடைகளில் மாதக்கணக்கில் முன்பதிவு நிரம்பியிருந்தது.

எதுவும் முடியாதபோது கொன்று புதைத்தார்கள். ஏப்ரல் கடைசியில் வொர்த்திங்டன் ஆலையைச் சில தொழிலாளர்களைக் கொண்டு மீண்டும் திறந்தார்கள். இறைச்சிக்காக அல்ல, தேங்கிய பன்றிகளைக் கொன்று அப்புறப்படுத்துவதற்காக. நாளொன்றுக்கு 13,000 பன்றிகள் வரை கொல்ல முடியும் என்று சொல்லப்பட்டது. வளர்த்தவருக்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்க முடியும்?

போனஸ் 500 டாலர்

ஆலைக்குள் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது? அறுப்பு வரிசையில் ஆள்கள் தோளோடு தோள் உரச நிற்பார்கள். உள்ளே குளிர், இயந்திர இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். சாப்பாட்டு அறை, உடை மாற்றும் அறை எல்லாம் பொது. பலர் ஒரே காரில் சேர்ந்து வருவார்கள். பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சூ ஃபால்ஸ் ஆலைக்குச் சென்ற மத்திய நோய்த்தடுப்பு மையத்தின் குழு, அங்கு 40 மொழிகள் பேசப்படுவதாகக் குறிப்பிட்டது. எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில் இருந்து என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் முழுவதும் தவறாமல் வேலைக்கு வந்தால் 500 டாலர் போனஸ் என்று ஸ்மித்ஃபீல்டு அறிவித்திருந்தது. தொற்றால் வர முடியாதவர்களுக்கும் அது கிடைக்கும் என்று பிற்பாடு நிறுவனம் விளக்கம் சொன்னது. ஆனால், ‘வந்தால் காசு’ என்பதுதான் தொழிலாளி காதில் முதலில் விழும். அன்றாடச் சம்பளத்தில் குடும்பம் ஓட்டுகிறவர் லேசான காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவார். எந்த நாட்டிலும் அப்படித்தான்.

அந்த ஆலையில் 1,294 பேருக்குத் தொற்று. 4 பேர் இறந்தார்கள். பணியிடப் பாதுகாப்பை மேற்பார்க்கும் அரசுத் துறை பிறகு விதித்த அபராதம் 13,494 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 10 லட்சம் ரூபாய். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது அபராதம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று 2021 அக்டோபரில் வெளியிட்ட கணக்குப்படி, ஐந்து பெரிய இறைச்சி நிறுவனங்களில் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது 59,000 தொழிலாளர்களுக்குத் தொற்று ஏற்பட்டது. 269 பேர் உயிரிழந்தார்கள்.

பால் மாதிரி எடுப்பதுபோல...

ஆலைகளைத் திறந்து வைக்க 2020 ஏப்ரல் 28-ல் அதிபர் டிரம்ப் உத்தரவு போட்டார். உத்தரவு போட்டால் கதவு திறக்கும். ஆள் வர வேண்டுமே! ஆள் வரவேண்டுமானால் உள்ளே நிற்பது ஆபத்தில்லை என்ற நம்பிக்கை வேண்டும். முகக்கவசம், தடுப்புத் திரை, வாசலில் காய்ச்சல் பார்ப்பது என்று தொடங்கினார்கள். அறிகுறி இல்லாதவரும் நோயைப் பரப்புவார் என்பதால் காய்ச்சல் பார்ப்பது மட்டும் போதவில்லை.

2020 ஜூலையில் டைசன் ஒரு திட்டத்தை அறிவித்தது. வாரந்தோறும் ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரைத் தெரிவு செய்து, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரிசோதிப்பது. சொசைட்டியில் ஒவ்வொரு சொட்டுப் பாலையும் சோதிப்பதில்லை. கேனுக்கு ஒரு மாதிரி எடுத்துத் தரத்தைக் கண்டுகொள்கிறார்கள் அல்லவா, அதே யோசனைதான். தொற்று எங்கே தலைகாட்டுகிறது என்பது ஆலை முழுவதும் பரவும் முன்பே தெரிந்துவிடும்.

200 டாலரும் 20 மணி நேரமும்

2021 தொடக்கத்தில் தடுப்பூசி வந்தது. ஆலை வளாகத்திலேயே இலவசமாகப் போட ஏற்பாடு செய்தார்கள். வெளியில் போட்டுக்கொள்கிறவருக்கு நான்கு மணி நேரச் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். அப்படியும் கோடைக்காலம் முடிவதற்குள் டைசனின் சுமார் 1,20,000 அமெரிக்க ஊழியர்களில் பாதிப் பேர்கூடப் போட்டிருக்கவில்லை. இதற்குள் டெல்டா வகை வைரஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 3-ம் தேதி நிறுவனம் கட்டாயம் என்று அறிவித்தது. அலுவலக ஊழியர்களுக்கு அக்டோபர் 1 வரை கெடு; ஆலைத் தொழிலாளர்களுக்கு நவம்பர் 1. மருத்துவக் காரணமோ மதக் காரணமோ உள்ளவர்கள் விலக்குக் கேட்கலாம். ஊசி போட்ட ஆலைத் தொழிலாளிக்கு 200 டாலர்.

தொழிற்சங்கம் உடனே தலையாட்டவில்லை. அவசர கால அனுமதி மட்டுமே உள்ள ஊசியைக் கட்டாயமாக்கலாமா என்று கேட்டது. அந்த மாதமே ஃபைசர் தடுப்பூசிக்கு முழு அனுமதி கிடைத்தது. ஊசி போட்ட மறுநாள் கை வலியும் காய்ச்சலும் வந்தால் யார் சம்பளம் தருவார்கள் என்ற கேள்வியும் இருந்தது. செப்டம்பரில் ஒப்பந்தம் ஆனது. 2022 ஜனவரி முதல், ஆண்டுக்கு 20 மணி நேரம் வரை சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு. அதை ஏற்று, கட்டாயத் தடுப்பூசிக்குச் சங்கம் ஆதரவு தந்தது. அக்டோபர் முடிவதற்குள் 96 சதவிகிதத்துக்கும் அதிகமானோர் போட்டுவிட்டதாக நிறுவனம் அறிவித்தது.

இதைக் ‘கட்டாயத்தின் வெற்றி’ என்று மட்டும் எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, உண்மை. அதோடு வேலையிடத்திலேயே ஊசி, கையில் காசு, விடுப்பு எடுத்தால் சம்பளம் போகாது என்ற எழுத்துபூர்வ உறுதி ஆகியவையும் இருந்தன. 20 மணி நேரம் என்பது இரண்டரை நாள் வேலைதான். அதற்குக்கூட ஒரு பெருந்தொற்று வரவேண்டியிருந்தது.

எல்லாரும் மகிழ்ச்சியாகப் போடவில்லை. மதக் காரணம் சொல்லி மறுத்தவர்களில் பலரைச் சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பினார்கள். அது விலக்கா, தண்டனையா என்று வழக்குகள் நடந்தன. 

நீதிமன்றம் போட்ட கோடு

2021 நவம்பரில் பைடன் அரசு இதை நாடு முழுவதற்குமான விதியாக்கப் பார்த்தது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் தடுப்பூசி போட வேண்டும். இல்லையென்றால் வாரம் ஒரு பரிசோதனையும் முகக்கவசமும். ஊசிக்குப் போய்வரும் நேரத்துக்குத் தவணைக்கு நான்கு மணி நேரம் வரை சம்பளம் தர வேண்டும். வாராந்தரப் பரிசோதனைச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. முழுக்க முழுக்கத் திறந்தவெளியில் வேலை செய்பவர்களுக்கு விலக்கு. வயலில் வேலை செய்கிறவர் தப்பித்தார். அதே விளைச்சலைக் கூரைக்குள் தரம் பிரிப்பவர் மாட்டிக்கொண்டார்.

2022 ஜனவரி 13-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் விதியை நிறுத்திவைத்தது. கொரோனா வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் பரவுகிறது. எல்லா வேலையிடத்துக்கும் ஒரே அடியாக விதி போட அந்தத் துறைக்கு அதிகாரம் இல்லை என்பது காரணம். ஆனால், ஆள்கள் நெருக்கியடித்து நிற்கும் இடங்களில் அந்த வேலைக்கே உரிய ஆபத்து இருந்தால், அதற்கென விதி போடலாம் என்று அதே தீர்ப்பு சொன்னது. இறைச்சி ஆலையை நினைத்து எழுதியதுபோல இருக்கிறது அந்த இடம். மருத்துவமனை ஊழியர்களுக்கான கட்டாயத்தை அதே நாளில் 5-க்கு 4 என்று நீதிமன்றம் அனுமதித்தது.

இந்தியாவிலும் ஒரு கோடு விழுந்திருக்கிறது. மேகாலயாவில் கடைக்காரர்கள், நடைபாதை வியாபாரிகள், வாடகை கார் ஓட்டுநர்கள் தடுப்பூசி போட்டால்தான் தொழில் செய்யலாம் என்று மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிட்டன. 2021 ஜூனில் மேகாலயா உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டாயப்படுத்தி ஊசி போடுவது பிழைப்புரிமையைப் பறிக்கும் என்றது. ஆனால், கடையிலும் வண்டியிலும் ‘தடுப்பூசி போட்டவர்’, ‘போடாதவர்’ என்று பலகை வைக்கச் சொன்னது. வாங்குகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும் என்று. 2022 மே 2-ம் தேதி உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று தீர்ப்பளித்தது. பொதுநலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனால், ஆபத்தின் அளவுக்குத் தக்கபடி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது.

கோயம்பேட்டுக் கணக்கு

அயோவாவின் கதை தமிழ்நாட்டு விவசாயிக்குப் புதிதல்ல. 2020 மே தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவி, கடலூர், விழுப்புரம், அரியலூர் எனத் திரும்பிச் சென்ற தொழிலாளர்கள் வழியாக மாவட்டங்களுக்குப் போனது. சந்தையை மூடி, திருமழிசைக்கு மாற்றினார்கள். காய்கறிக் கடைகள் கோயம்பேட்டுக்குத் திரும்பச் செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது. தக்காளியும் கத்திரியும் பன்றியைப்போல எடை கூடுவதில்லை, அழுகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சம்பளத்தோடு நோய் விடுப்பு என்பது இங்கேயும் சிலருக்கு உண்டு. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில், கொரோனா காலத்து வரம்பின்படி மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தவர்கள் இ.எஸ்.ஐ-யில் சேர்க்கப்பட வேண்டும். மருத்துவச் சான்றோடு விடுப்பில் இருந்தால் சம்பளத்தில் 70 சதவிகிதம், ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆள்களைக் கணக்கில் காட்டாமல் ஓடும் அரிசி ஆலையிலும் நார் ஆலையிலும் இந்தப் பலன் கிடைக்காது. சந்தையில் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் சுமைப் பணியாளரும், அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போகிறவரும் இந்தத் திட்டத்துக்குள் பெரும்பாலும் வருவதே இல்லை. காய்ச்சலில் ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி அவர்களுக்கு இல்லை.