கழுத்து ரத்தக் குழாயில் பலூன் வைத்தால் எம்.எஸ். நோய் தீருமா? சர்ச்சையும் முடிவும்

சிவகிரி பக்கம் டிரிப்ஸ் ஏற்றும்போது ஊசி ஏறவில்லை என்றால், "கையில நரம்பே கிடைக்கலை" என்பார்கள். காலில் ரத்தக் குழாய் புடைத்துக்கொண்டால் அது "நரம்பு சுருட்டல்". கை, கால் மரத்துப் போனால் "நரம்புத் தளர்ச்சி". முதல் இரண்டு இடங்களில் நரம்பு என்பது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை. மூன்றாவதில் அது மூளையின் செய்தியைக் கடத்தும் உண்மையான நரம்பு.

இந்தச் சொல் குழப்பம் ஒரு நோயாளியின் பணத்தையும் உயிரையும் பறிக்கக்கூடும். "கழுத்து நரம்புல அடைப்பு, பலூன் விட்டு விரிச்சா எம்.எஸ். சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், கேட்பவருக்கு நியாயமாகத்தான் தோன்றும். நரம்பு நோய்க்கு நரம்பில்தானே வைத்தியம்!

எம்.எஸ். என்றால் என்ன?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதன் சுருக்கமே எம்.எஸ். தமிழக அரசு ஆவணங்களில் தண்டுவட மரப்பு நோய். மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்பு இழைகளுக்கும் மயலின் என்ற உறை உண்டு. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அந்த உறையைத் தாக்குவதுதான் இந்த நோய். ஒரு கண்ணில் திடீர்ப் பார்வைக் குறைவு, மரத்துப் போதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாடின்மை ஆகியவை அறிகுறிகள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். பெண்களுக்கே அதிகம்.

சிரை அடைப்புக் கதை எங்கே தொடங்கியது?

இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரத்தக்குழாய் மருத்துவர் பாவ்லோ சம்போனி. அவருடைய மனைவிக்கு எம்.எஸ். இருந்தது. கழுத்திலும் மார்பிலும் உள்ள சிரைகள் குறுகுவதால் மூளையில் ரத்தம் தேங்கி, இரும்புச்சத்து படிந்து நோய் வருகிறது என்று 2009-ல் அவர் கூறினார். பலூனால் சிரையை விரிக்கும் முறைக்கு 'விடுதலை சிகிச்சை' என்று பெயர் வந்தது. 65 பேருக்கு இதைச் செய்து, பலன் தெரிந்ததாக அறிவித்தார். ஆனால், ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு அதில் இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் கனடா தொலைக்காட்சி ஒன்றில் இது ஒளிபரப்பானது. அங்கே இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்காததால் நோயாளிகள் போலந்து, மெக்சிகோ, கோஸ்டாரிகா என்று பறந்தார்கள். இந்தியாவில் சில தனியார் மருத்துவமனைகளுக்கும் வந்தார்கள். கோஸ்டாரிகாவில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட கனடா நோயாளி ஒருவர் 2010-ல் உயிரிழந்தார். மரணம், பக்கவாதம், ரத்தக்கட்டு, ஸ்டென்ட் இடம்பெயர்தல் போன்ற ஆபத்துகள் உண்டு என்று 2012-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

சோதனைகள் என்ன சொல்லின?

முதல் கேள்வி: எம்.எஸ். உள்ளவர்களுக்கு மட்டும்தான் சிரை குறுகலா? நோயாளிகள், அவர்களின் உடன்பிறந்தவர்கள், உறவில்லாத மற்றவர்கள் என மூன்று தரப்பையும் கனடா ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். மூன்று தரப்பிலும் பாதிப் பேருக்கும் மேல் குறுகல் இருந்தது. 2013-ல் லான்செட் இதழில் இது வெளியானது. குறுகல் இருப்பதாக ஸ்கேன் காட்டினாலும், அதுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது: விரித்தால் பலன் உண்டா? கனடாவில் 104 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையான பலூன் சிகிச்சை, மற்றவர்களுக்குச் செய்வதுபோல் பாவனை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 2017-ல் வந்த முடிவு: வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு, சம்போனியே தலைமை ஏற்று 115 பேரிடம் நடத்திய சோதனையும் பலனில்லை என்றே முடிந்தது. அதை மறைக்காமல், இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று அவரது குழுவே எழுதியது.

"ஆனா, சிலருக்கு நல்லாயிடுச்சே?"

எம்.எஸ். பெரும்பாலும் வந்து வந்து போகும் நோய். தாக்குதல் தணிந்த நேரத்தில் எந்த வைத்தியம் செய்திருந்தாலும் அதுவே குணமாக்கியதுபோல் தெரியும். பெரிய சிகிச்சை செய்துகொண்டோம் என்ற நம்பிக்கையும் சில காலம் தெம்பு தரும். ஒப்பீட்டுக் குழு தேவைப்படுவது இதற்காகத்தான்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

அறிகுறி இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிவகிரியில் இருப்பவர்களுக்குத் திருநெல்வேலி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் தண்டுவட நீர்ப் பரிசோதனை மூலம் நோயை உறுதி செய்வார்கள். இதே சாயலில் வரும் என்.எம்.ஓ. நோயைப் பிரித்தறிவதும் முக்கியம். எம்.எஸ்.ஸுக்கான சில மருந்துகள் அதை மோசமாக்கும்.

தாக்குதல் வந்தால் ஸ்டீராய்டு, அடுத்தடுத்த தாக்குதல்களைக் குறைக்கத் தொடர் மருந்துகள், கூடவே பிசியோதெரபி. இவைதான் இன்றைய சிகிச்சை. முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. பலூனை நம்பித் தொடர் மருந்தை நிறுத்துவது பெரிய ஆபத்து. கழுத்துத் தமனியில் அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வருவது வேறு விஷயம். அதற்கான சிகிச்சையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று. தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டத்திலும் இது இருக்கிறது. தென்காசியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

புதிய சிகிச்சை என்று யார் சொன்னாலும் இரண்டே கேள்விகள் போதும்: "இதை யாரோடு ஒப்பிட்டுச் சோதிச்சீங்க? செய்யாம விட்டவங்களுக்கு என்ன ஆச்சு?" பதில் வராவிட்டால், நகையை அடகு வைக்க அவசரப்பட வேண்டாம்.