ரசிகரும் விசிறியும்

மனிதருக்கு ஊழ் இருப்பதுபோலச் சொற்களுக்கும் ஊழ் உண்டு போலும். ‘ரசிகர்’ என்னும் சொல்லை நோக்குக. ரசம் என்பதை நாம் சுவை என்போம். சுவை அறிந்தவன் ரசிகன். பாடுவார் பாடுக, ஆடுவார் ஆடுக. அதன் நயம் இன்னதென்றறிந்து தலையசைக்க ஒருவன் வேண்டும். அந்த ஒருவனுக்கு நம் முன்னோர் தந்த மதிப்புப் பெரிது. டி. கே. சிதம்பரநாத முதலியாரைத் தமிழுலகம் ‘ரசிகமணி’ என்றே அழைத்தது. அவர் காவியம் இயற்றிப் புகழ் பெற்றவரல்லர். திருநெல்வேலியில் தம் வீட்டிற் கூடிய ‘வட்டத்தொட்டி’யில் நண்பரோடமர்ந்து கம்பனைச் சுவைத்தார், சுவைத்ததைப் பிறர்க்கும் ஊட்டினார். பட்டம் அதற்காகவே வந்தது. 1954 இல் அவர் மறைந்தார். அதன்பின் எத்துணை விரைவில் அச்சொல் நடிகரின் உருவப்பலகைக்குப் பாலபிடேகம் செய்வார்க்கு உரியதாயிற்று!

மற்றொரு சொல்லும் உளது. அது ‘விசிறி’. ஆங்கிலத்தில் ‘ஃபேன்’ என்பது வெறியரைக் குறிக்கும் ‘ஃபனாட்டிக்’ என்பதன் குறுக்கம் என்று அகராதிக்காரர் கூறுவர். காற்று வீசும் கருவிக்கும் அம்மொழியில் அதே ஒலியுடைய பெயர் இருத்தலால், யாரோ ஒரு புண்ணியவான் மயங்கி அதை விசிறி என்று தமிழாக்கிவிட்டார். மொழிபெயர்ப்புப் பிழைதான். ஆயினும் அப்பிழையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. தலைவனுக்குப் பின்னே நின்று கவரி வீசுவதே வேலையாகக் கொண்டவர்க்கு அதனிற் பொருத்தமான பெயர் வேறு யாது?

ஆக, ஏன் பிடித்தது என்று சொல்லத் தெரிந்தவர் ரசிகர். பிடித்தது என்று மட்டும் சொல்பவர் விசிறி. இப்பாகுபாட்டை என் மனத்தில் எழுப்பியது இலக்கண நூலன்று. பதினொராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தமிழ்ப் பயிற்சிக் கொப்பி.

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது கொடகவெல. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். கடைத்தெருவிற் பேசுவது சிங்களம். பேருந்தின் நெற்றிப் பலகையிற் பெரிதாகக் காண்பதும் சிங்களம். தமிழ் லயத்திற்குள்ளும் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் வாழ்கிறது. உயர்வகுப்புக்குத் தமிழ்மொழிப் பள்ளி அருகில் இல்லையென்று பிள்ளையைச் சிங்களமொழிப் பள்ளியிற் சேர்த்த பெற்றோரை நான் அறிவேன். அவரைக் குறைகூற நாம் யார்? இத்தகைய இடத்தில் ஒரு பிள்ளை யாரும் பணியாமல், புள்ளிக்காகவும் அன்றி, தன் விருப்பத்தால் தமிழில் எழுதுகிறாள் என்றால், அஃது எதைப்பற்றியதாயினும் ஆசிரியன் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும்.

அவள் கொப்பியின் முன்புறம் நான் கொடுத்த கட்டுரைகள்: ‘நான் ஒரு மேகமானால்’, ‘நூலகத்தின் பயன்’. பின்புறம் திருப்பினால் வேறோர் உலகம். நாள்தோறும் நாலைந்து வரி. நேற்றுக் கேட்ட பாட்டில் மத்தள ஒலி மிகுந்து சொல் காதில் விழவில்லை என்றொரு குறிப்பு. படத்தில் நாயகனின் தாயார் எப்பொழுதும் நோயாளியாகவே இருக்கவேண்டுமா என்றொரு வினா. இடையிடையே பி.ரி.எஸ். என்னும் கொரிய நாட்டு எழுவர் பாடற்குழுவைப் பற்றிய பக்கங்கள். 2013 இல் அரங்கேறிய அக்குழுவினர், அந்நாட்டுச் சட்டப்படி ஒருவர்பின் ஒருவராகப் படைப்பணிக்குச் சென்ற காலத்தில், இவள் ஒவ்வொருவரும் திரும்பும் நாளைக் கணக்கிட்டுக் குறித்து வைத்திருக்கிறாள். எங்கள் பள்ளியின் தவணைப் பரீட்சைக்கு அத்தகைய கணக்கு அக்கொப்பியில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் இசைவோடு அப்பக்கங்களை ஆசிரியர் அறையிற் காட்டினேன். நண்பர் ஒருவர் வெகுண்டார். 2024 சனவரியில், தமிழ்நாட்டுக் கரூர் மாவட்டத்துப் பள்ளிச் சிறுமியர் மூவர் இதே குழுவினரைக் காணக் கொரியாவுக்குக் கப்பலேறுவதென்று துணிந்து வீட்டைவிட்டுப் புறப்பட்டு, காட்பாடியில் மீட்கப்பட்ட செய்தியை எடுத்துக் காட்டினார். “இதுவும் அங்கேதான் போய் முடியும்” என்றார். அவர் அச்சம் வீணானதன்று. பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசி அவர்களை எங்கெங்கோ கொண்டு சேர்க்கிறது. மூன்று குழந்தைகள் நள்ளிரவில் இரயில் நிலையத்தில் நிற்பது சிரித்துத் தள்ளக்கூடிய செய்தியுமன்று. ஆனால் கொப்பியைப் பறிப்பது அதற்கு மருந்தென்று நான் கருதவில்லை. எழுதுகிற பிள்ளையின் மனம் நமக்குத் தெரிகிறது. எழுதாத பிள்ளையின் மனத்தை யார் அறிவார்?

மேலும், பாட்டுப் பித்து இன்று முளைத்ததா? 1952 இல் இந்திய ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கும் என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் அப்பாட்டு அருகியது. அரசு மூடிய கதவுக்கு எதிரே இலங்கை வானொலியின் வர்த்தக சேவை சாளரத்தைத் திறந்தது. கடலுக்கப்பால் இருந்தோரும் கொழும்பை நோக்கிக் காதைத் திருப்பினர். 1957 இல் இந்தியா ‘விவித பாரதி’யைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். வடக்கே ஜும்ரி தலையா என்றோர் ஊர். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ளது. அப்பிரகம் தோண்டும் ஊர். பாட்டுக் கேட்டு அவ்வூரார் எழுதிக் குவித்த அஞ்சலட்டைகளால் அதன் பெயர் இந்தியா முழுதும் தெரிந்தது. மண்ணுக்குள்ளிருந்து மின்னும் பொருளை எடுத்து யாருக்கோ அனுப்பும் ஊரவர்க்குத் தம் பெயரும் எங்கேனும் மின்ன வேண்டுமென்ற ஆசை எழுவது இயல்புதானே. இரத்தினபுரி மாவட்டத்தில் வாழும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

நம் பக்கத்திலோ அவ்வட்டைகளுக்கு இன்னும் ஆழ்ந்த பொருள் இருந்தது. எஸ். பி. மயில்வாகனம் காலத்தை நான் அறியேன். அவர் குரலை எங்கள் வீட்டுப் பெரியோர் போற்றிப் பேசக் கேட்டதே உண்டு. கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் என் இளமைக்காலத்துக் குரல்கள். நேயர் விருப்பத்தில் பாட்டுக்கு முன்னே பெயர்கள் வரும். பெயருக்கு முன்னே தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர் வரும். லயத்தில் ஒரு வீட்டு வானொலியைச் சுற்றிப் பத்து வீட்டார் நிற்பர். பாட்டைவிட அப்பெயர்ப் பட்டியலுக்கே அமைதி மிகுதியாக இருக்கும்.

அக்காலத்தில் அம்மக்கள் யார்? 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என விட்டது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அச்சிக்கல் முற்றும் தீரவில்லை. வாக்காளர் இடாப்பில் இல்லாத ஒரு பெயரை, ஊரும் விலாசமும் சேர்த்து, கொழும்பிலிருந்து அரச வானொலி உரக்கப் படித்தது! அஞ்சலட்டையின் விலைக்கு அந்நாளில் அவர்கள் பெற்ற அங்கீகாரம் அதுவே. இதையும் சினிமா மோகம் என்றுதான் அக்காலத்துப் பண்டிதர் பலர் சொன்னார்கள்.

அதற்கும் முந்திய செய்தி ஒன்று. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் தோட்டத் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கிப் பரப்பியபோது, புதுமெட்டுத் தேடி அலையவில்லை. மக்கள் நாவில் அன்று வழங்கிய மெட்டுகளையே எடுத்தாண்டனர். மெட்டுத் தெரிந்த வாய்க்குச் சொல்லை மாற்றிக் கொடுத்தால் போதும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கொப்பிக்கு மீள்வோம். கொரியப் பாட்டு அவளுக்குப் புரிவதெப்படி? ஆங்கில மொழிபெயர்ப்பைத் தொலைபேசியிற் பார்த்து, அகராதியின் துணையால், அவளே தமிழிற் பெயர்க்கிறாள். பெயர்ப்பு செம்மையானதென்று சொல்லேன். எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறிடத்திலும் கிடந்து ஒன்றையொன்று தேடும். ஆனால் ஓரிடத்தில் ‘தனிமை’ என்று எழுதி, அடித்து, ‘ஏக்கம்’ என்று எழுதி, அதையும் அடித்து, பக்கத்தில் ஒரு குறிப்பு வரைந்திருந்தாள். தனிமை முனிவருக்கு நல்லது. அம்மா கொழுந்தெடுக்கப் போனபின் காம்பிராவில் இருக்கிற பிள்ளைக்கு அந்தச் சொல் பற்றாது என்பது அதன் கருத்து. பதினாறு வயதில் ஒரு சொல்லின் எல்லையைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்! உரையாசிரியர் செய்ததும் இதுதானே?

அவளை அழைத்துப் ‘புலம்பு’ என்னும் சொல்லைக் காட்டினேன். இன்று அழுது அரற்றுதலையே குறிக்கும் அச்சொல்லுக்குத் தொல்காப்பியர் உரியியலில் தனிமை என்று பொருள் கூறியுள்ளார். சங்கப் புலவரும் அப்பொருளில் ஆண்டுள்ளனர். சிறிது நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்போ தனியா இருக்கிறதும் பொலம்புறதும் ஒன்னுதானா, சேர்?” என்று கேட்டாள். உரியியலை நான் எத்தனையோ ஆண்டு கற்பித்திருக்கிறேன். அச்சூத்திரத்தைப்பற்றி வகுப்பில் எழுந்த முதல் வினா அது. அதனைக் கொண்டுவந்தவர் கொரியர்.

பிறிதொரு நாள் அவள் வேறு சந்தேகத்தோடு வந்தாள். கொரியரும் தந்தையை அப்பா என்கிறார்கள். தாயைக் குறிக்கும் சொல்லும் அம்மாவுக்கு அணித்தாக ஒலிக்கிறது. தன்மைச் சொல் ‘நா’. ஆதலின் இரு மொழியும் உறவோ? இக்கேள்வி புதியதன்று. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905 இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே சியோல் நகரில் வெளியிட்டார். யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு காண சுசுமு ஓனோ பல்லாண்டு உழைத்தார். நம் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருக்குத் துணைநின்றனர். எனினும் இவ்வுறவுகளை இன்றைய மொழியியலார் பெரும்பாலும் ஏற்பதில்லை. அப்பா அம்மா என்பவற்றைச் சான்றாகக் கொள்ளலும் ஆகாது. பகர மகரங்கள் இரண்டு இதழும் பொருந்தப் பிறப்பவை என்று பிறப்பியல் கூறும். குழந்தையின் வாய்க்கு எளிதானவை அவை. ஆகையால் உலகின் மூலைமுடுக்கெல்லாம் தாய் தந்தையர் பெயர்களில் அவ்வொலிகள் காணப்படும். இதைச் சொன்னபோது அவள் முகம் வாடியது. வாடட்டும். விரும்பியது மெய்யாக இருக்கவேண்டும் என்னும் ஆசையை அடக்கப் பழகாதவர் விசிறியாகவே நின்றுவிடுவர். ரசிகமணியே இவ்வாசைக்கு ஆளானவர்தாம்: தமக்கு உவந்தவையே கம்பன் வாக்கு, ஏனையவை இடைச்செருகல் என்று துணிந்து பாடல்களைக் களைந்தும் திருத்தியும் பதிப்பித்தார், பண்டித உலகம் கொதித்தெழுந்தது. அவ்வழக்கில் நான் பண்டிதர் பக்கமே.

எனினும் அப்பக்கங்களில் எனக்கு மிகப் பிடித்தது ‘பரதேசி’யைப் பற்றிய குறிப்பு. 2013 இல் பாலா இயக்கத்தில் வந்த அப்படம், ஆனைமலைத் தோட்டங்களிற் பணியாற்றிய மருத்துவர் பி. எச். டேனியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலைத் தழுவியது. அந்நாவல் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என வந்துள்ளது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்பிடித்துச் சென்ற கொடுமையைக் காட்டுவது. ஊரார் மெச்சிய படம். இவளும் மெச்சுகிறாள், அழுததாகவும் எழுதுகிறாள். அடுத்த வரியிலோ ஒரு தடை எழுப்புகிறாள்: அதில் எல்லோரும் அழுதுகொண்டே இருக்கிறார்கள், என் பாட்டியும் அட்டைக் கடியில் மலை ஏறினவர்தான், ஆனால் அவர் மலையில் நடந்த கதையைச் சொன்னால் நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம், அந்தச் சிரிப்பு ஏன் படத்தில் இல்லை?

இவ்வினாவுக்கு மறுமொழி கூறலாம். கொடுமையைக் காட்டவந்தவன் சிரிப்பைக் காட்டினால் கொடுமை மெலியும் என்று இயக்குநர் சொல்லக்கூடும். அதையும் அவளிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சிரித்தால்தான் பாவமாக இருக்கும் என்றாள். நகையும் அழுகையும் மெய்ப்பாடு எட்டினுள் அடுத்தடுத்து நிற்பதை நினைந்து நான் மேற்கொண்டு வாதாடவில்லை.

அப்படியாயின் பாட்டியின் கதைகளை எழுதிவா என்றேன். கதைகளோடு, மலையிற் பாடிய பாட்டுகளும் வந்தன. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பெயரை அப்பொழுதுதான் அவளுக்குச் சொன்னேன். இதுவரை பதினொரு பாட்டு எழுதியிருக்கிறாள். அவற்றுள் இரண்டு பழைய சினிமா மெட்டு என்றும், பாட்டி சொல்லை மட்டும் மாற்றிக் கங்காணியைக் கேலி செய்து பாடியிருக்கிறார் என்றும் கண்டுபிடித்து, அவை நாட்டுப்பாடல் ஆகுமா, சேர்க்கலாமா, விடலாமா என்று கேட்டு வந்தாள். சேர்க்கச் சொன்னேன். எந்தப் படத்து மெட்டு என்பதையும் அடியிற் குறிக்கச் சொன்னேன். ஒன்றுக்குப் படத்தின் பெயர் கிடைத்துவிட்டது. மற்றதன் மெட்டைப் பாட்டி முணுமுணுக்க அவள் தொலைபேசியிற் பதிவுசெய்து, ஊரிலுள்ள முதியோரிடம் போட்டுக்காட்டி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.